பார்த்ததாகப் போட்ட கையெழுத்து

அறுவடை முடிந்து களத்துத் தூசி இன்னும் அடங்காத ஜூலை மாதம். மாவு மில்லுக்கு வருஷத்திலேயே அதிக வேலை இருக்கிற நாட்கள். இருந்தும் அன்றைக்கு ஹம்மாதி மில்லைத் திறக்கவில்லை. பார்லி மூட்டையைக் கழுதை மேல் போட்டுக்கொண்டு வந்த பெண்கள் இரும்புக் கதவைத் தட்டிப் பார்த்தார்கள். "அண்ணன் வீட்டப் பாக்க நாதோர் டவுன்லேருந்து இஞ்சினியர் அம்மா வாராவளாம். அங்கன போயிருப்பாரு" என்று ஒருத்திக்கொருத்தி சொல்லி, மூட்டைகளைச் சுவர் நிழலில் சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அண்ணன் மீமூன் ஹாலந்தில் முப்பத்தோரு வருஷம் கண்ணாடிக் கூடாரங்களுக்குள் தக்காளி பறித்தவர். அவருடைய வீடு மிதார் ஊருக்கு வடக்கே, சாலை மேடேறித் திரும்புகிற இடத்தில் மூன்று வருஷமாக எழும்பிக்கொண்டிருந்தது. வருஷத்துக்கு ஒரு மாதம்தான் அவர் வருவார். மற்றப் பதினொரு மாதமும் அந்த வீட்டுக்குக் கண் ஹம்மாதிதான். "நீ இருக்கேல்லா, எனக்கு என்ன கவலை" என்று ஒவ்வொரு தடவையும் தொலைபேசியில் சொல்வார். ஒவ்வொரு கட்ட வேலை முடிந்ததும் ஒப்பந்தக்காரர் அல்லால் ஒரு தாளை நீட்டுவார். 'வேலையை நேரில் பார்த்தேன், பேசியபடி இருக்கிறது' என்று அதில் அச்சடித்திருக்கும். ஹம்மாதி கையெழுத்துப் போடுவான். அப்படி ஒன்பது தாள் ஆகியிருந்தது.

இந்த வருஷம் மீமூன் வேலையை விட்டு ஒரேயடியாக வந்துவிட்டார். கடைசித் தாளில் அவரே கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்க வேண்டும். போட்டுவிட்டால் அல்லால் சாரக்கட்டைகளை லாரியில் ஏற்றி அடுத்த ஊருக்குப் போய்விடுவார். அதற்குமுன் விவரம் தெரிந்த ஒருவர் வந்து பார்க்கட்டும் என்றாள் மீமூனின் மனைவி லுவைசா.

"அங்கல்லாம் புது வீடுன்னா இப்படித்தான் பாப்பாவ, தம்பி. உங்க மேல குறையில்ல."

"நல்லது மதினி. தாராளமாப் பாக்கட்டும்" என்றான் ஹம்மாதி. முகத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது அவனுக்கு.

பொறியாளர் சிஹாமுக்கு முப்பது வயது இருக்கலாம். முக்காட்டின் மேல் வெள்ளைத் தலைக்கவசம் வைத்திருந்தாள். பையிலிருந்து ரசமட்டம், டார்ச் விளக்கு, நுனியில் சிறு குண்டு வைத்த கம்பி எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தாள். பிறகு கூடத்துத் தரையில் ஒவ்வொரு ஓடாகக் கம்பியால் தட்டிக்கொண்டே போனாள். கணீரென்று சத்தம் வந்தால் மேலே நடந்தாள். எங்காவது பொள்ளலாகக் கேட்டால் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

"தரைக்கு நாடி பாக்காவ" என்றார் அல்லால். கூட நின்ற அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"நாடி நல்லாத்தான் இருக்கு. நாலே நாலு ஓடுதான்" என்றாள் சிஹாம் நிமிராமல். "அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் போனீங்க?"

அல்லால் வாயைத் திறப்பதற்குள் ஹம்மாதி சொன்னான். "மேக்குப் பக்கம் ஒண்ணரை மீட்டர். கிழக்குல பாறை வந்துட்டு, அங்கன ஒண்ணு பத்து. நான் குழிக்குள்ள எறங்கி டேப்பு வச்சுப் பாத்தேன். கம்பி கட்டுனது சரியில்லன்னு ரெண்டு தடவை அவுக்கச் சொன்னேன். இவரு எங்கூட ஒரு வாரம் பேசல."

"ஆமா, பேசல" என்றார் அல்லால்.

சிஹாம் முதல்முறையாக அவனை நன்றாகப் பார்த்தாள். "இந்தப் பக்கத்துல நான் பார்த்த வீடுகள்ல இவ்வளவு நேரான சுவர் பார்த்ததில்லைங்க" என்று மீமூனிடம் சொன்னாள். மீமூன் தம்பியின் முதுகில் தட்டினார். சட்டையிலிருந்து மாவு பறந்தது. வெளியே கீழ்க்காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு அப்பால் சப்பாத்திக்கள்ளி வேலி முழுக்கச் செம்மண் படிந்து கிடந்தது. ஹம்மாதி மாடிப்படிப் பக்கம் பார்த்தான். இன்னும் மாடி இருந்தது. மாடிக்கு மேல் மொட்டைமாடி இருந்தது.

மாடிக்குப் போகிற படிக்கட்டு இரண்டு பக்கமும் சுவர் அடைத்தது. சுவரில் கை வைத்தபடி அவனால் ஏற முடியும். ஏறினான். மூன்று அறைகளையும் பார்த்தாகிவிட்டது. ஒரு குளியலறைக் குழாயில் கசிவு, ஒரு கதவு தரையைத் தேய்த்தது, அவ்வளவுதான். மொட்டைமாடிக்கு இன்னும் படிக்கட்டுக் கட்டவில்லை. பின்பக்கத்துத் திறந்த முகப்பிலிருந்து ஓர் இரும்பு ஏணி போட்டிருந்தார்கள். சிஹாம் முதலில் ஏறினாள். பின்னால் அல்லாலும் மீமூனும் ஏறினார்கள், பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு லுவைசாவும்கூட ஏறினாள்.

"நான் தேத்தண்ணி போட்டு வைக்கேன்" என்று சொல்லி ஹம்மாதி கீழே இறங்கிவிட்டான்.

உயரம் என்றால் அவனுக்குப் பயம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தரையை விட்டுக் கால் எழும்பி, பக்கத்தில் பிடிக்கச் சுவர் இல்லாமல் போனால் முழங்கால் அவன் பேச்சைக் கேட்காது. காது அடைக்கும், அடிவயிறு கழன்று விழுகிற மாதிரி இருக்கும். பத்தொன்பது வயதில் தான்ஜா நகரத்துக்குக் கட்டட வேலைக்குப் போனவன் மூன்றாம் நாளே திரும்பி வந்தான். மேஸ்திரி கூலி தரவில்லை என்று வீட்டில் சொன்னான். சாரப் பலகையில் கால் வைக்க முடியாமல் எல்லோரும் பார்க்கத் தவழ்ந்து இறங்கியதை யாரிடமும் சொல்லவில்லை. ஆலிவ் உலுக்குகிற காலத்தில் மற்றவர்கள் மரத்தில் இருப்பார்கள், அவன் கீழே துணி விரிப்பான். கிணறு தூர் வாரும்போது மேலே நின்று கயிறு பிடிக்க மாட்டான், சுற்றிலும் சுவர் இருக்கும் என்று உள்ளே இறங்கிச் சேறு அள்ளுவான். அதனால் ஊரில் அவனைத் தைரியசாலி என்றுகூடச் சொல்வார்கள்.

மொட்டைமாடி வேலை நடந்த இரண்டு மாதமும் அவன் தினமும் அந்த வீட்டுக்குப் போனான். கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். "மேல வாரும், பாத்துட்டுப் போகலாம்" என்று அல்லால் முதல் இரண்டு நாள் கூப்பிட்டார். அப்புறம் கூப்பிடவில்லை. ஹம்மாதி தன் தொலைபேசியை ஓர் ஆளிடம் கொடுத்து மேலே படம் எடுத்து வரச் சொன்னான், அதை அண்ணனுக்கு அனுப்பினான். நீர்த்தடுப்புக்குத் தார்ச்சுருள் ஒட்டியதற்கு ஒரு தாள், கைப்பிடிச்சுவருக்கு ஒரு தாள். இரண்டிலும் கையெழுத்துப் போட்டான்.

தேநீர் கொதித்துப் புதினா வாசம் எழும்பிய நேரத்தில் மேலிருந்து அண்ணன் குரல் கேட்டது. "ஏல ஹம்மாதி, இங்க கொஞ்சம் வா."

"அடுப்புல கெடக்கு அண்ணே."

"அது கெடக்கட்டும். நீ வா."

அவன் போகவில்லை. கெண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரத்தில் அவர்களே இறங்கி வந்தார்கள். சிஹாமின் கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புத் தார்த் துண்டு இருந்தது. மூலையில் பூச்சை வெட்டி எடுத்திருந்தாள். அதை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"ரெண்டு அடுக்கு, ஒன்றின் மேல் ஒன்று குறுக்கா ஒட்டணும்னு ஒப்பந்தத்துல இருக்கு. இது ஒரே அடுக்கு. அதுவும் வேறெங்கேயோ பிரிச்சு எடுத்த பழசு. கைப்பிடிச்சுவருக்குள்ள கம்பியே இல்லை. கையால தள்ளினேன், ஆடுது." காகிதக் கட்டைப் புரட்டி ஒரு தாளை எடுத்தாள். "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"ரெண்டு அடுக்கு பார்த்தீங்களா?"

"பாத்தேன்."

அந்த வார்த்தை தானாக வந்தது. சிஹாம் அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு, வடிகாலை அடைத்து மொட்டைமாடி முழுக்க நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கட்டிவிட வேண்டும், நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்றாள். அதுவரை கைப்பிடிச்சுவர்ப் பக்கம் யாரும் போகக் கூடாது.

"அடுத்த வாரம் பேரப்பிள்ளைக வருதுவ" என்றாள் லுவைசா யாரையும் பார்க்காமல்.

அல்லால் தேநீரை நிதானமாக உறிஞ்சினார். "அம்மா, எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். வீட்டுக்காரரோட ஆளு பாத்தாரு, சரின்னாரு, கையெழுத்துப் போட்டாரு. எங்க ரெண்டு பேருக்குள்ள ஒரு மனஸ்தாபமும் இல்ல. என்ன ஹம்மாதி?"

மீமூன் கண்ணாடிக் கோப்பையைக் கீழே வைத்தார். தம்பியின் முழங்கையைப் பிடித்து, பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். வெயில் தலையில் இறங்கியது. தொட்டியின் சிமென்ட் மூடியில் உட்கார்ந்து, பக்கத்தில் உட்காரும்படி கையைக் காட்டினார். அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாம சொல்லு. அவன்கிட்ட ஏதாவது வாங்குனியா?"

ஹம்மாதி கால் பெருவிரலைப் பார்த்தான். ஒரு பதில் சொன்னால் அண்ணன் கோபப்படுவார். இன்னொன்றைச் சொன்னால் சிரிப்பார். அண்ணன் மட்டும் இல்லை, அந்த இரண்டு ஆட்களும் சிரிப்பார்கள், சந்தையில் மீன் விற்கிறவன் சிரிப்பான், மில்லில் மூட்டையோடு காத்திருக்கிற பெண்கள் முக்காட்டுக்குள் சிரிப்பார்கள். ஐம்பது வயது ஆண்பிள்ளை.

"வாங்குனேன்" என்றான்.

"எவ்வளவு?"

அதை அவன் யோசித்து வைத்திருக்கவில்லை. "கொஞ்சம்."

 மீமூன் திட்டுவார் என்று ஹம்மாதி எதிர்பார்த்தான். அவர் முகம் என்னவோ இறுக்கம் விட்டுத் தளர்ந்தது. "கேட்டிருந்தா நானே தந்திருப்பேனேடே" என்றார். எழுந்து அவன் தோளில் கையை வைத்து, எடுத்து, உள்ளே போனார்.

ஹம்மாதி வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மனைவி யாமினா முற்றத்து அடுப்பில் மண்தட்டை வைத்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கழுவிய மத்தி மீன் உப்புப் போட்டுக் கிடந்தது. வழக்கமாக அவன் வந்ததும் தண்ணீர் ஊற்றுவாள், அவன் கை கழுவுவான். அன்றைக்கு எழுந்திருக்கவில்லை.

"லுவைசாக்கா வந்துட்டுப் போனாவ. 'யாமினா, ஒம்மேல எனக்கு வருத்தமில்ல'ன்னாவ. எதுக்கு வருத்தம்னு கேட்டேன். சொன்னாவ." ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "எங்க வச்சிருக்கீங்க?"

"எதை?"

"வாங்குனதை. இந்த வீட்ல மூணு பேரு இருக்கோம். மாவுப்பானைக்குள்ளயா, கோழிக்கூட்டுக்குள்ளயா? நான் பாக்காத இடம் எது?"

"செலவாயிட்டு."

"எதுல? எனக்குப் பல்லு ரெண்டு வருஷமா வலிக்கி. பிள்ள போன வருஷத்துச் செருப்பத்தான் தச்சுப் போடுதா. எதுல செலவாச்சு?"

அவன் குனிந்து ஒரு சுள்ளியை அடுப்பில் தள்ளினான். அவள் அதை வெளியே இழுத்துப் போட்டாள். ரொட்டி கருகக் கூடாது.

"நம்ம தட்டட்டி மேல ஏறி அத்திப்பழம் காயப் போடுதது யாரு?"

"நீதான்."

"மொளகா?"

"நீ."

"இருவத்திரெண்டு வருஷம். ஒருநாளாவது நீங்க ஏறி எடுத்துட்டு வாங்கன்னு நான் சொல்லியிருக்கனா?"

அவனுக்குக் காது அடைத்தது. தரையில்தான் உட்கார்ந்திருந்தான், ஆனாலும் அடைத்தது.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"கல்யாணமான மொத வருஷம். மழைக்கு மேல தார்ப்பாய் போடணும்னு ஏணியில ஏறுனீங்க. பாதியில நின்னீங்க. எறங்கி வந்து வயித்துவலின்னு படுத்தீங்க. நான் போய்ப் போட்டுட்டு வந்தேன். வயித்துவலிக்காரன் அப்படியா சுவத்தப் புடிச்சிட்டு நிப்பான்?"

"ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டு? நான் ஏறுனா ஆச்சு."

இத்தனை வருஷமும் அவள் முன்னால் அவன் எப்படியெல்லாம் நடந்திருக்கிறான் என்று நினைத்துப் பார்த்தான். கிணற்றில் இறங்கிய கதையை எத்தனை விருந்தாளிகளிடம் சொல்லியிருக்கிறான். அவள் தேநீர் ஊற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாளே. அன்றைக்கு அண்ணன் முன்னால் நின்றதைவிட இதுதான் அவனைக் கீழே தள்ளியது. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இங்க பாருங்க" என்றாள் யாமினா. குரலை உயர்த்தவில்லை. "பயந்தவன் பொண்டாட்டின்னு சொன்னா சிரிச்சிட்டுப் போயிருவாவ. திருடன் பொண்டாட்டின்னா எம்பிள்ளைய யாரு கேட்டு வருவா? அதைவிட, அந்தச் சுவத்துல ஒரு பிள்ள சாஞ்சுதுன்னா? நாளைக்கு நீங்க சொல்லுதீங்களா, நான் வந்து சொல்லவா?"

 அவள் ரொட்டியைப் பிய்த்து, எண்ணெயில் தோய்த்து, அவன் பக்கம் நீட்டினாள். வாங்கிக்கொண்டான். வாயில் மணல் மாதிரி இருந்தது.

மறுநாள் முற்பகல் பதினொரு மணிக்குச் சிஹாம் வந்தாள். டார்ச்சைக் கூரையில் அடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மாடியில் நடு அறையின் வெள்ளைக் கூரையில் பெரிய ரொட்டி அகலத்துக்கு ஈரம் படர்ந்திருந்தது. அதன் நடுவிலிருந்து சொட்டுச் சொட்டாகப் புதுத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. லுவைசா யாரும் சொல்லாமலே ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"ஒரு நாள்கூட முழுசா ஆகலை" என்றாள் சிஹாம். "மழைக்காலம்னா கம்பி துருப்பிடிச்சுக் கூரை விட்டுப்போயிரும். எல்லாத்தையும் பேர்த்துட்டு முதல்லேருந்து போடணும். சுவரையும் இடிக்கணும்."

"நான் ஏன் இடிக்கணும்?" என்றார் அல்லால். "பாத்துச் சரின்னு கையெழுத்து வாங்கியிருக்கேன்லா. செலவ அவருகிட்டக் கேளுங்க."

சிஹாம் ஹம்மாதி பக்கம் திரும்பினாள். "அவர் சொல்றது சட்டப்படி எடுபடும். இந்தக் கையெழுத்து நிக்கிற வரைக்கும் அவரைப் பிடிக்கிறது கஷ்டம். எந்தத் தேதியில பார்த்தீங்க, என்ன பார்த்தீங்கன்னு சொன்னா எழுதிக்கறேன்."

மீமூன் குறுக்கிட்டார். "விடுங்கம்மா. அது எங்க வீட்டு விஷயம். செலவ நானே போட்டுக்கிடுதேன்."

"நான் பாக்கல" என்றான் ஹம்மாதி.

வாளியில் சொட்டு விழும் சத்தம் கேட்டது.

"பார்க்காமலா போட்டீங்க? பணம் வாங்கிட்டா?" என்றாள் சிஹாம்.

"பணமும் வாங்கல. நேத்து அண்ணன்கிட்டப் பொய் சொன்னேன்." சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டான். "என்னால மேல ஏற முடியாது. உசரம்னா பயம். ஏணியில மூணு படிக்கு மேல காலு வராது. மொட்டைமாடி வேலை தொடங்குன நாள்லேருந்து இன்னைக்கு வரைக்கும் நான் மேல ஏறுனதில்ல."

முதலில் சிரித்தது அல்லாலின் ஆட்களில் ஒருவன். அடக்கப் பார்த்து மூக்கு வழியாக வந்துவிட்டது. மற்றவனும் சேர்ந்துகொண்டான். அல்லால் சிரிக்கவில்லை. அவருக்கு அது எப்போதோ தெரிந்திருந்தது என்பது அவர் கண்ணைத் திருப்பிக்கொண்ட விதத்தில் எல்லோருக்கும் புரிந்தது.

மீமூனும் சிரிக்கவில்லை. "படம் அனுப்புனியே" என்றார்.

"இவரு ஆளுகிட்டப் போனக் குடுத்து எடுக்கச் சொன்னேன்."

"தார் ஒட்டுன படத்துல ஒன் நெழல் விழுந்திருக்குடேன்னு சொன்னேன். ஆமா அண்ணே, வெயிலு சாஞ்சிட்டுன்னு நீ சொன்னே."

"சொன்னேன்."

"அந்தப் படத்த ஹாலந்துல எங்க அடுக்களையில ஒட்டி வச்சிருந்தேன். ஒன் நெழலுன்னு."

ஹம்மாதியால் நிமிர முடியவில்லை. மீமூன் அறையை விட்டு வெளியே போனார். படி இறங்குகிற சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து ஹம்மாதியும் இறங்கினான். அண்ணன் கள்ளி வேலி ஓரம் நின்று, ஒரு குச்சியால் பழுத்த பழங்களைத் தட்டித் தட்டிக் கீழே தள்ளிக்கொண்டிருந்தார். தின்பதற்கு அல்ல. கைக்கு வேலை வேண்டும் என்பதற்காக.

"அண்ணே."

"நேத்து நீ வாங்குனேன்னு சொன்னப்போ எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா?" மீமூன் திரும்பாமலே பேசினார். "அப்பாடான்னு இருந்துச்சு. அப்பா ரெண்டு வருஷம் படுக்கையில கெடந்தாரு. தூக்கி எடுத்து, தொடச்சு, எல்லாம் நீதான். நான் பணம் அனுப்புனேன், வரல. வர முடியாமலா? முடியும். பாக்க மனசு வரல. அதுக்கப்புறம் ஊருக்கு வரும்போதெல்லாம் ஒன் முகத்த நேராப் பாத்ததில்ல நான். நேத்துதான் பாத்தேன். சரி, இவனும் ஒண்ணு செஞ்சிட்டான்னு. ராத்திரி நல்லாத் தூங்குனேன்டே. தம்பி திருடிட்டான்னு தெரிஞ்ச அன்னைக்கு எவனாவது நல்லாத் தூங்குவானா?"

 அப்பாவைப் பற்றி இரண்டு பேரும் பேசியதே இல்லை. வேலிக்குள் ஒரு பழம் விழுந்து வெடித்தது.

"ஏறப் பயமாயிருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற ஆளப் போட்டிருப்பேன்" என்றார் மீமூன்.

"சொல்ல முடியல."

"சொல்ல முடியாதுதான்." குச்சியைக் கீழே போட்டார். "ஆனா அந்தச் சுவரு. லுவைசா நேத்து அதுலதான் கை வச்சு நின்னா. அத நான் மறக்க மாட்டேன், ஹம்மாதி. மறந்துட்டேன்னு சொல்லவும் மாட்டேன்."

"மறக்க வேண்டாம்" என்றான் அவன்.

சிஹாம் அன்றைக்கே ஹம்மாதியின் வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்தாள். அந்த இரண்டு தாள்களிலும் உள்ள கையெழுத்து வேலையைப் பார்க்காமல் போடப்பட்டது, ஒப்பந்தக்காரருக்கு அது தெரிந்தே இருந்தது என்று. இதை மிதாரில் அரசு அலுவலகத்தில் கொடுத்து, எழுத்தர் முன்னால் கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்கி வர வேண்டும். அது வந்துவிட்டால் வழக்கு என்று போகாமலே அல்லால் இறங்கி வருவார் என்றாள்.

மறுநாள் அலுவலகத்தில் நல்ல கூட்டம். கோடை விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், பிறப்புச் சான்றுக்கு வந்தவர்கள், நிலப் பத்திரத்தோடு வந்தவர்கள் என்று வரிசை வாசல் வரைக்கும் நின்றது. பாதிப் பேர் அவனுடைய மில்லுக்கு வருகிற குடும்பங்கள். காற்றாடி கடகடவென்று சுற்றியது. எழுத்தர் வயதானவர், காது கொஞ்சம் மந்தம், ஆகையால் உரக்கப் பேசுவார். தாளை வாங்கிக் கண்ணாடியைச் சரிசெய்து, அடையாள அட்டையோடு பெயரை ஒத்துப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"'...உடல்நலக் குறைவு காரணமாக மொட்டைமாடிக்கு ஏற இயலாத நிலையில், வேலையை நேரில் பார்க்காமலேயே...' சரிதானா?"

ஹம்மாதி எழுதுகோலைக் கையில் எடுத்துவிட்டான். சிஹாம் நல்ல மனதோடுதான் அப்படி எழுதியிருக்கிறாள். நேற்று வாங்கும்போது அவன் அதைப் படித்துப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய கோட்டைப் பார்த்தான். பின்னால் யாரோ இருமினார்கள்.

"அது தப்பு" என்றான்.

"எது?"

"உடல்நலக் குறைவுன்னு இருக்குல்லா. எனக்கு ஒரு குறைவும் இல்ல. ஒரு மூட்டைய ஒத்தையில தூக்குவேன்."

"அப்ப என்னத்துக்கு ஏறல?"

"பயம்."

எழுத்தர் காதில் கையை வைத்தார். "என்னது?"

"பயம்" என்றான் ஹம்மாதி உரக்க. "உசரத்துக்குப் பயம். அத வெட்டிட்டுப் பயத்தினாலன்னு எழுதுங்க."

வரிசையில் பேச்சு நின்றுவிட்டது. எழுத்தர் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, தனக்கு மெதுவான குரல் என்று நினைத்துக்கொண்டு, "வேய், இது ஒரு தடவை முத்திர குத்துனா அப்படியே நிக்கும். உடம்பு சரியில்லன்னே இருந்துட்டுப் போகட்டும். யாரு வந்து பாக்கப் போறா?" என்றார்.

"நான் போடுத கையெழுத்துல்லா."

எழுத்தர் அவனை ஒரு தடவை பார்த்துவிட்டு, கோடு போட்டு வெட்டினார். மேலே சின்ன எழுத்தில் எழுதினார். திருத்தம் செய்த இடத்தில் தனியாக ஒரு கையெழுத்து வேண்டும் என்று விரலால் காட்டினார். அந்தச் சொல்லின் பக்கத்தில் ஹம்மாதி கையெழுத்துப் போட்டான். பிறகு கீழேயும் போட்டான். முத்திரை இரண்டு தடவை விழுந்தது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வரிசையில் நின்ற எல்லோரையும் தாண்டி வாசல் வரை நடந்தான். அந்த அறை அவ்வளவு நீளமாக இருக்கும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

மில்லைத் திறக்கும்போது மணி பன்னிரண்டு. மூன்று நாள் மூட்டைகள் சுவரோரம் சேர்ந்திருந்தன. பெண்கள் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். அவன் வருவதற்குள் சேதி வந்துவிட்டது என்பது அவர்கள் சட்டென்று பேச்சை நிறுத்தியதிலேயே தெரிந்தது.  மோட்டாரைப் போட்டான். கல் சுற்ற ஆரம்பித்ததும் தரை அதிர்ந்தது. முதல் மூட்டையைத் தோளில் தூக்கினான். தானியம் கொட்டுகிற தொட்டிக்கு முன்னால் இரண்டு மரப்படி உண்டு.

"அண்ணே, நீரு இரும். நான் ஏறிக் கொட்டுதேன்" என்றாள் ஹலீமா. புருஷன் இல்லாதவள், வாய்க்கு மிதார் முழுக்கப் பெயர் போனவள். பரிந்து சொன்னாளா கேலியாகச் சொன்னாளா என்று அவள் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. பின்னால் ஒரு முக்காட்டுக்குள் சிரிப்புக் கேட்டது.

"இது வரைக்கும் ஏறிருவேன், ஹலீமா" என்றான்.

இப்போது எல்லோருமே வாய்விட்டுச் சிரித்தார்கள். அவனுடைய காது இரண்டும் சுட்டன. படி ஏறி மூட்டையைக் கவிழ்த்தான். பார்லி சரசரவென்று இறங்கியது. கடைசி மணி விழுந்த பிறகும், வெறும் சாக்கை உதறுகிற மாதிரி உதறிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்தபடி அங்கேயே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு இறங்கி, அடுத்த மூட்டை யாருடையது என்று கேட்டான்.